எட்டு டன் தாழ்ப்பாள்!

நடுவானில் யாராவது விமானக் கதவைத் திறந்துவிட்டால்? ஜன்னல் விரிசல் விட்டால்? பயந்த சுபாவக்காரர்களும் தைரியமாக வாசிக்கலாம். ஏ320 விமானத்தின் கதவோரம் நின்று ஓர் எட்டிப்பார்வை!

“கேபின் க்ரூ, ஆர்ம் டோர்ஸ் அண்ட் கிராஸ்செக்!”

ஸ்பீக்கரில் இந்தக் குரல் கரகரக்கும்போது பாதிப் பேர் கடைசி வாட்ஸ்அப்பைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் பெல்ட்டின் மறுமுனையை இருக்கைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார்கள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கழுத்தை நீட்டினால் ஒரு குட்டி நாடகம் பார்க்கலாம். கதவருகே நிற்கும் பணிப்பெண் சிவப்புப் பட்டை தொங்கும் ஒரு ஊசியை உருவி ஓரமாக வைப்பார். சின்ன நெம்புகோல் ஒன்றைக் கீழே இறக்குவார். எதிர்க் கதவின் சகா வந்து இவருடையதைச் சரிபார்ப்பார், இவர் போய் அவருடையதைப் பார்ப்பார். கட்டைவிரல் உயரும். முடிந்தது!

‘அப்பாடா, கதவைப் பூட்டிவிட்டார்கள்’ என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் அவர்கள் பூட்டவே இல்லை. செய்தது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு! இனி இந்தக் கதவை உள்ளேயிருந்து திறந்தால், அதன் அடியில் மடித்து வைத்திருக்கும் அவசரகாலச் சறுக்கு தானாக வெளியே விழுந்து, சில நொடிகளில் உப்பி நிற்கும். ஏதாவது ஆபத்து என்றால் எல்லோரையும் சரசரவென்று இறக்கிவிடுவதற்கான ஏற்பாடு இது. விமானம் நிற்கும்போது வெளியே இருந்து யாராவது திறந்தால் அந்த ஏற்பாடு தானே விலகிக்கொள்ளும். வாசலில் படிக்கட்டோடு நிற்பவர் மேல் சறுக்கு பாய்ந்துவிடக் கூடாதே!

சரி, பூட்டாத கதவை 36,000 அடியில் யார் சாத்தி வைத்திருக்கிறார்கள்? காற்று. நாம் சும்மா இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் அதே காற்றுதான்!

ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கீழே

36,000 அடியில் வெளியே மைனஸ் 56 டிகிரி. குளிரைக்கூட எதையாவது போர்த்திச் சமாளிக்கலாம், காற்று விஷயத்தில் அது நடக்காது. தரையில் நம்மைச் சுற்றி இருக்கும் அழுத்தத்தில் நாலில் ஒரு பங்குகூட அங்கே கிடையாது. அந்தக் காற்றை ஆக்ஸிஜன் முகமூடி இல்லாமல் சுவாசித்தால், புத்தி தெளிவாக வேலை செய்வது அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதனால்தான் ‘உங்கள் முகமூடியை முதலில் மாட்டுங்கள், பிறகு குழந்தைக்கு’ என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.

அப்படியானால் விமானம் காற்றை மூட்டை கட்டிக்கொண்டா கிளம்புகிறது? அதுதான் இல்லை. போகிற வழியிலேயே பிடித்துக்கொள்கிறது! என்ஜின் வெளிக்காற்றை இழுத்து இறுக்குகிறது அல்லவா, அதில் கொஞ்சத்தைக் குழாய் போட்டு உருவிக்கொள்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க வரும் அந்தக் காற்றை விமானத்தின் வயிற்றில் இருக்கும் இரண்டு ஏசி இயந்திரங்கள் ஆற்றிப் பதப்படுத்தி, உங்கள் தலைக்கு மேலே அனுப்புகின்றன.

ஆனால் தரையில் இருக்கும் முழு அழுத்தத்தையும் உள்ளே திணிப்பதில்லை. திணித்தால் விமானத்தின் உடம்பைத் தடிமனாக்க வேண்டும், எடை ஏறும், எரிபொருள் செலவும் கூடும். அதனால் ஒரு பேரம்! சாதாரணப் பறத்தலில் கேபினுக்குள் காற்று 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிட மெல்லியதாகிவிடக் கூடாது. ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி, தொட்டபெட்டா சுமார் 8,650 அடி. ஆக, ஏ320-இல் உட்கார்ந்து காபி குடிக்கும்போது உங்கள் நுரையீரல் ஊட்டியைத் தாண்டி தொட்டபெட்டா ஏறும் பாதையில் இருக்கிறது! போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களின் உடம்பில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. அவை இன்னும் அதிக அழுத்தம் தாங்கும். அவற்றில் கேபின் 6,000 அடி, அதாவது குன்னூர். நீண்ட பயணத்துக்குப் பிறகும் தலை கனக்காமல் இறங்குகிறீர்கள் என்றால் அதில் குன்னூருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். உள்ளே தரை அழுத்தத்தில் முக்கால் பங்கு, வெளியே கால் பங்குக்கும் கீழே. இந்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு வரை போகும். ‘எட்டே பவுண்டா?’ என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். ஏ320-இன் பயணிகள் வாசல் 81 சென்டிமீட்டர் அகலம், 185 சென்டிமீட்டர் உயரம். அதில் 2,300-க்கும் அதிகமான சதுர அங்குலங்கள் இருக்கின்றன. பெருக்கினால் கிட்டத்தட்ட 8,400 கிலோ. ஒரே ஒரு கதவின் மேல், உள்ளேயிருந்து வெளியே, எட்டு டன் தள்ளு!

முட்டுக்கு முட்டு

‘உள்ளேயிருந்து வெளியே தள்ளினால் கதவு பிய்த்துக்கொண்டல்லவா போகும்?’ என்று கேட்கிறீர்களா? அங்கேதான் பொறியாளர்களின் குறும்பு. தள்ளும் சக்தியையே தாழ்ப்பாளாக மாற்றிவிட்டார்கள்.

ஏ320-இன் கதவு திறந்திருக்கும்போது அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை வரிசையாகச் சின்னச் சின்ன உலோக முட்டுகள். வாசல் சட்டத்திலும் அதே வரிசையில் முட்டுகள். கதவு மூடி இறங்கியதும் கதவின் முட்டு சட்டத்தின் முட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். காற்று வெளியே தள்ளத் தள்ள, முட்டு முட்டின் மேல் அழுந்தும். திறக்க வேண்டுமானால் கதவை முதலில் கொஞ்சம் மேலே தூக்கி, முட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்க வேண்டும். பிறகுதான் வெளியே தள்ள முடியும். எட்டு டன் அழுத்திப் பிடித்திருக்கும்போது தூக்குவதா? கைப்பிடியில் தொங்கினாலும் நடக்காது. ஜிம்முக்குப் போகிறவர், கபடி ஆடுகிறவர், யாராக இருந்தாலும் சரி!

போயிங் 737-இன் கதவு இன்னும் வேடிக்கை. மூடியிருக்கும் கதவு வாசலைவிடப் பெரியது! அப்புறம் எப்படி அது வெளியே வந்து மடங்குகிறது? கைப்பிடியைத் திருப்பினால் கதவின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ள பலகைகள் மடங்கிக் கதவு குள்ளமாகும். முதலில் உள்ளே வந்து, உடம்பை ஒருக்களித்து, பக்கவாட்டில் நழுவி வெளியே போகும். கூட்டமான பஸ்ஸில் இறங்குகிறவரின் சாமர்த்தியம் அதற்கு! பறக்கும்போது இதைத் திறக்க நினைப்பவர், எட்டு டன்னை எதிர்த்துக் கதவைத் தன் பக்கம் இழுத்தாக வேண்டும்.

எல்லாக் கதவுகளுக்கும் இந்த வசதி கிடையாது. சரக்கு அறைக்குள் இடம் மிச்சம் பிடிக்க அதன் கதவுகளைப் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் திறக்க வைப்பார்கள். அங்கே காற்று உதவிக்கு வராது, கொக்கிகள்தான் கதி. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே துருக்கி நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் சரக்குக் கதவு சரியாகக் கொக்கி விழாமல் பிய்ந்து போக, 346 பேர் இறந்தார்கள். சரக்குக் கதவுகளின் பூட்டு விதிகள் இறுகியதற்கு இப்படிப்பட்ட விலை கொடுக்க வேண்டியிருந்தது.

திறந்தே கிடக்கும் வாசல்

இப்போது ஒரு ரகசியம். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு படியுங்கள். விமானம் காற்றுப் புகாத டப்பாவே இல்லை! நீங்கள் பறக்கும் நேரம் முழுக்க அதில் ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது.

வால் பக்கம், அடிவயிற்றில் இருக்கிறது ‘அவுட்ஃப்ளோ வால்வு’. ஏ320-இல் இதற்கு இரண்டு மடல்கள். என்ஜினிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்க, இந்த மடல்களின் இடுக்கு வழியே பழைய காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். இடுக்கு பெரிதானால் கேபின் அழுத்தம் குறையும், சிறிதானால் ஏறும். ஒரு கணினி மடல்களை நொடிக்கு நொடி அசைத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேபின் காற்று முழுவதும் மாறிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் பிரித்த புளியோதரைப் பொட்டலத்தின் வாசனை எங்கே போனது என்று யோசித்தீர்களா? வால்வு வழியாக வானத்துக்கு!

விமானம் இறங்கும்போது காது அடைக்கிறதே, அதுவும் இந்த மடல்களின் வேலைதான். கேபினை மலையிலிருந்து மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கிக்கொண்டிருக்கின்றன.

விமானி அறையில் தலைக்கு மேலே ‘டிட்சிங்’ என்று ஒரு பொத்தான் உண்டு. தண்ணீரில் இறங்கும் நிலை வந்தால் அதை அமுக்க வேண்டும். அடிவயிற்றுத் துவாரங்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏ320-ஐ இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய விமானிகளுக்கு, அந்தப் பொத்தான் வரைக்கும் போக நேரமே கிடைக்கவில்லை. சரிபார்ப்புப் பட்டியலில் அது அவ்வளவு பின்னால் இருந்தது!

ஜன்னலில் ஒரு பொத்தல்

அடுத்து ஜன்னல். மூக்கை ஒட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை தெரியும். ‘ஐயையோ, ஓட்டை!’ என்று மணியடித்து யாரையும் கூப்பிட வேண்டாம். வேண்டுமென்றே போட்டதுதான்.

பயணிகளின் ஜன்னலில் கண்ணாடியே இல்லை. எல்லாம் அக்ரிலிக், அதுவும் மூன்று அடுக்கு. உங்கள் மூக்கும் குழந்தைகளின் பிஸ்கட் கையும் படுவது உள்ளடுக்கு. அது வெறும் காவலுக்கு, அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளியடுக்குதான் பளு முழுவதையும் சுமக்கிறது. நடு அடுக்கு அதற்கு மாற்று ஆள். வெளியடுக்கு உடைந்தால் நடு அடுக்கு பளுவை வாங்கிக்கொள்ளும்.

குட்டித் துளை இருப்பது இந்த நடு அடுக்கில். அதன் வழியே கேபின் காற்று இரண்டு அடுக்குகளின் இடைவெளிக்குள் போய்வரும். அதனால் நடு அடுக்கின் இரு புறமும் ஒரே அழுத்தம். அது ஓய்வாக இருக்க, வெளியடுக்கு மட்டும் உழைக்கும். ஈரத்தை வெளியேற்றி ஜன்னல் பனி மூடாமல் பார்த்துக்கொள்வதும் அதே துளைதான். சில சமயம் துளையைச் சுற்றி மட்டும் பனிப்பூ பூத்திருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தடையில்லை!

இந்த ஜன்னலும் உள்பக்கமிருந்து பொருத்தப்பட்டதே. சட்டம் வெளியே நிற்க, காற்று ஜன்னலைச் சட்டத்தோடு வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதை ஏன் திறக்கும் ஜன்னலாகச் செய்யவில்லை என்று கேட்டால், விமானி அறையை எட்டிப் பாருங்கள். ஏ320, 737 இரண்டிலும் விமானிகளின் பக்க ஜன்னல் நகர்த்தித் திறக்கும் ரகம்! பக்கத்திலேயே இறங்கித் தப்பிக்கக் கயிறும் உண்டு. தரையில் நிற்கும்போது சில விமானிகள் அதைத் திறந்து கையசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போனதும் அந்த ஜன்னலையும் காற்று பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு விமானம்

ஜன்னல்களின் மூலைகள் ஏன் இப்படி வழவழவென்று வளைந்திருக்கின்றன? 1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் காமெட் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒரு காமெட் எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. ஏப்ரலில் இன்னொன்று, நேப்பிள்ஸ் அருகே. யாருக்கும் காரணம் புரியவில்லை.

பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இருந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு முழு காமெட்டை ராட்சதத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள்! இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உடம்புக்குள்ளும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக, பறத்தல் ஒன்றைச் சில நிமிடங்களில் நடித்துக் காட்டினார்கள். காற்றை வைத்துச் சோதித்திருந்தால் விமானம் குண்டுபோல் வெடித்திருக்கும். தண்ணீரில் விரிசல் விட்ட இடம் அப்படியே பத்திரமாகக் கிடைக்கும். ஏற்கெனவே பறந்திருந்ததையும் சேர்த்து சுமார் 3,060 சுற்றுகளில் உடம்பு கிழிந்தது. கிழிசல் தொடங்கியது திறப்பு ஒன்றின் மூலையில்!

கடலிலிருந்து எடுத்த சிதைவுகளிலோ, கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில் விரிசல் தெரிந்தது. ஒவ்வொரு பறத்தலிலும் உடம்பு உப்பித் தளரும்போது, சுமை முழுவதும் மூலைகளில் போய்க் குவிந்திருக்கிறது. அதன்பிறகு திறப்புகளின் ஓரங்கள் தடித்தன, மூலைகள் நன்றாக உருண்டன.

தவறான போல்ட், காணாமல் போன போல்ட்

காற்றைத் தாழ்ப்பாளாக்கும் தந்திரத்தை விட்டால் என்ன ஆகும்? 1990 ஜூன் 10, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தைக் கேளுங்கள். அந்த பிஏசி ஒன்-இலெவன் ரகத்தில் விமானிக்கு எதிரே உள்ள கண்ணாடி வெளிப்பக்கமிருந்து மாட்டுவது. அதைத் தடுத்து நிற்பது போல்ட்டுகள் மட்டுமே. முந்தின நாள் புதுக் கண்ணாடி மாட்டியவர் 90 போல்ட்டுகளில் 84-ஐ அரை மில்லிமீட்டர் சொச்சம் ஒல்லியானதாகப் போட்டுவிட்டார். 17,300 அடியில் கண்ணாடி பறந்தது. கூடவே கேப்டன் டிம் லங்காஸ்டரின் இடுப்புக்கு மேற்பட்ட உடம்பும் வெளியே போனது!

பணியாளர் நைஜல் ஓக்டன் பாய்ந்து கேப்டனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கை ஓய்ந்ததும் மற்றவர்கள் மாறி மாறிக் கால்களைப் பிடித்தார்கள். துணை விமானி அலஸ்டர் ஆட்சிசன் தன்னந்தனியாக விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் இறந்திருப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மனிதர் பிழைத்தார், சில மாதங்களிலேயே மறுபடி பறக்கவும் போய்விட்டார்!

2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9-இல் நடந்தது இன்னும் நுணுக்கம். தேவைப்படாத அவசர வாசலை அடைத்திருந்த ஒரு பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதிலும் முட்டுக்கு முட்டு ஏற்பாடு உண்டு, 12 இடங்களில். ஆனால் பலகை மேலே நகர்ந்து முட்டுகளிலிருந்து விலகாமல் இருக்க நாலு போல்ட் வேண்டும். தொழிற்சாலையில் கழற்றிய அந்த நாலையும் திருப்பிப் போடவே இல்லை! பறத்தலுக்குப் பறத்தல் பலகை துளித்துளியாய் மேலேறி, ஒருநாள் முட்டைத் தாண்டியது. நல்லவேளை, ஒட்டினாற்போல் இருந்த இரண்டு இருக்கைகளும் காலி. பெல்ட் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. பலகை ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் கிடைத்தது. 16,000 அடியிலிருந்து விழுந்த ஒரு ஐபோனும் வேலை செய்யும் நிலையில் கிடைத்தது!

படிக்கட்டில் இறங்கிப் போனவர்

‘ஆனால் ஒருத்தர் நடுவானில் கதவைத் திறந்து குதித்தாரே?’ என்று சினிமா ரசிகர்கள் கை தூக்குவது தெரிகிறது. உண்மைதான். 1971 நவம்பர் 24, டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கியவர் போயிங் 727 ஒன்றைக் கடத்தி, 2 லட்சம் டாலரும் பாராசூட்டுகளும் வாங்கிக்கொண்டு, வால் பக்கப் படிக்கட்டை இறக்கி இருட்டில் குதித்தார். யார் என்று இன்றுவரை தெரியாது.

அவர் போட்ட நிபந்தனைகளைக் கவனியுங்கள். விமானம் 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது, கேபினில் அழுத்தம் ஏற்றக் கூடாது. ஆசாமி தாழ்ப்பாள் எது என்று தெரிந்து வைத்திருந்தார்! அழுத்தம் இல்லாத கேபினில் படிக்கட்டைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. அதன்பிறகு 727-களின் அடியில் வில் வைத்த ஒரு சின்னத் தகடு ஏறியது. பறக்கும் வேகத்தில் வீசும் காற்று தகட்டைத் திருப்பிப் படிக்கட்டுக்குக் குறுக்கே நிறுத்தும், தரையில் வில் அதைத் திருப்பி இழுத்துக்கொள்ளும். பெயர் என்ன தெரியுமா? ‘கூப்பர் வேன்’! உள்காற்றுக்குப் பதில் வெளிக்காற்றை வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

கதவு எப்போது பேச்சைக் கேட்கும்?

இதே சூட்சுமம் 2023 மே 26 அன்று தென்கொரியாவில் பல்லிளித்தது. டேகு நகரில் தரையிறங்கிக்கொண்டிருந்த ஏஷியானா ஏ321-இல் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்தேவிட்டார். எங்கே? சுமார் 700 அடி உயரத்தில்! உள்ளே வெளியே அழுத்தம் அநேகமாகச் சமமாகிவிட்டிருந்தது. காற்று கைவிட்டதும் கதவு சாதாரணக் கதவாகிவிட்டது. சறுக்கு பிய்ந்தது, பயணிகள் புயலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்து தரையிறங்கினார்கள். மூச்சுத் திணறலோடு சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஆனால் அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். அதன்பிறகு ஏஷியானா சில ஏ321-களில் அந்தக் கதவை ஒட்டிய இருக்கையை விற்பதையே நிறுத்தியது.

நம் ஊரிலும் ஒரு உதாரணம் உண்டு. 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சி கிளம்ப இருந்த ஏடிஆர் விமானம் தரையில் நின்றபோது ஒரு பயணி அவசர வாசலைத் திறந்துவிட்டார். தரையில் அழுத்தமே இல்லையே, திறக்காமல் என்ன செய்யும்? காற்றழுத்தச் சோதனையை முடித்த பிறகுதான் விமானம் நகர்ந்தது.

பணிக்குழுவுக்கு இது நன்றாகத் தெரியும். தரையிறங்கி நின்றதும் அவர்கள் சறுக்கு ஏற்பாட்டை விலக்குகிறார்கள். அடுத்து கைப்பிடியைத் தொடுவதற்கு முன் கதவின் குட்டிக் கண்ணாடி வழியே ஒரு சிவப்பு விளக்கைத் தேடுகிறார்கள். கேபினில் 2.5 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் மிச்சமிருந்தால் அது மினுக்கும். அவ்வளவு துளி அழுத்தமே கதவை 38 கிலோ பலத்தோடு தள்ளும். திறக்கிறவரையும் சேர்த்து வெளியே வீச அது போதும்!

மேலேறும்போதும் இறங்கும்போதும் பணியாளர்கள் ஏன் கதவுகளை ஒட்டியே பெல்ட் போட்டு உட்கார்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அவசரம் என்றால் திறக்கவும் வேண்டும், அவசரக்குடுக்கை யாராவது கை வைத்தால் தடுக்கவும் வேண்டும். உச்சியில் பறக்கும்போதோ நிம்மதியாக எழுந்து போய் உங்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். அங்கே கதவுக்குக் காவல் எட்டு டன் காற்று! ஆகவே 36,000 அடியில் கதவைப் பார்த்து நடுங்காதீர்கள். பயந்தே தீர வேண்டும் என்றால் தரைக்குப் பக்கத்தில் வந்து பயப்படுங்கள். அங்கேதான் கதவு சொன்ன பேச்சைக் கேட்கும்!